தொட்டால் கையைத் தூக்கு

என் வீட்டுக்காரர் பிராங்க்ளினைப் பற்றி திண்டுக்கல்லில் கபடி தெரிந்த யாரைக் கேட்டாலும் ஒரே கதையைத்தான் சொல்வார்கள். லீக்கில் நாலு சீசன் ஆடினார், டிவியில் வந்தார், கடைசி மேட்சில் தானாகவே கையைத் தூக்கி அவுட்டாகி டீமைத் தோற்க வைத்தார். சொல்லிவிட்டு, இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு மனுஷனா என்று உச்சுக்கொட்டுவார்கள். அந்த மனுஷனோடு குடும்பம் நடத்துகிறவள் நான். எனக்கு உச்சுக்கொட்ட நேரமில்லை. என்னிடம் இருப்பதெல்லாம் கோபம்தான். அதில் யார் யாருக்கு எவ்வளவு பங்கு என்பதை முழுசாகக் கேட்டுவிட்டு நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

கபடி பார்க்காதவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். கபடி கபடி என்று பாடி வருகிற எதிரணி ஆள் உங்களைத் தொட்டுவிட்டுத் தன் பக்கம் தப்பித்துப் போய்விட்டால் நீங்கள் அவுட். நகம் பட்டிருக்கலாம், பனியன் நுனியில் விரல் உரசியிருக்கலாம். நடுவர் கண்ணுக்கு அது தெரியாமல் போகலாம், ஆனால் பட்டவருக்குத் தெரியும். எங்கள் பக்கத்து மண் ஆட்டங்களில், பட்டவன் தானே கையைத் தூக்கிவிட்டு, விசிலுக்குக் காத்திராமல் கோட்டுக்கு வெளியே போய் உட்கார்ந்துகொள்வான். தூக்காதவனை மறுநாள் டீக்கடையில் ஒருத்தன் மதிக்க மாட்டான். பத்து வயதில் என் மாமனார் சூசைமாணிக்கத்தின் தோட்டத்து வரப்பில் நின்று என் வீட்டுக்காரர் கற்றுக்கொண்ட முதல் பாடம் அதுதான்.

லீக்கில் அவர் இடது கார்னர். இடது ஓரத்தில் நின்று, வருகிறவன் கணுக்காலை இரண்டு கையாலும் கவ்வி உட்கார்ந்துவிடுவது அவர் வேலை. நாலாவது சீசனில் அரையிறுதி. இரண்டு பக்கமும் சம பாயிண்ட். எதிரணி பாடி வருகிற கடைசி ரைடு. வந்தவன் காலை வீசினான், இவர் பின்வாங்கினார், அவன் வெறுங்கையோடு திரும்பினான். நடுவர் ஒன்றும் காட்டவில்லை. மேட்சு கூடுதல் நேரத்துக்குப் போகப் போகிறது என்று டிவியில் கத்திக்கொண்டிருக்கும்போதே இவர் கையைத் தூக்கிவிட்டு மேட் விரிப்பை விட்டு வெளியே நடந்தார். முழங்காலுக்குக் கீழே அவன் கட்டைவிரல் பட்டதாம். ஒரு பாயிண்டில் தோற்றார்கள். அடுத்த வருஷ ஏலத்தில் இவர் பெயரைச் சொன்னபோது ஒரு டீமும் வாயைத் திறக்கவில்லை.

நான் என்ன செய்தேன் தெரியுமா? பெட்டியோடு வீட்டுக்கு வந்தவருக்குத் தண்ணீர்கூடக் கொடுக்காமல், "ஏங்க தூக்குனீங்க? யாருமே பாக்கலையே" என்று கேட்டேன். ஒரு நாள் கேட்டு விட்டிருந்தால் பரவாயில்லை. வீட்டுக் கடனுக்கு பாங்கிலிருந்து போன் வந்தால் கேட்பேன், பிள்ளைக்குப் புது ஷூ வாங்க முடியாவிட்டால் கேட்பேன். யாருமே பார்க்கவில்லையே, யாருமே பார்க்கவில்லையே. ஒரு வருஷம் அந்த மனுஷன் காதில் இதையே ஓதினேன். அவர் ஒரு தடவைகூடப் பதில் சொன்னதில்லை.

அப்புறம்தான் வடமதுரை ரோட்டில் உள்ள ஒரு தனியார் கல்லூரியில் பெண்கள் கபடிக்குக் கோச்சாக வேலை கிடைத்தது. வேலை கொடுத்தவர் கரஸ்பாண்டென்ட் சிவபிரகாஷ். ஒட்டன்சத்திரம் பக்கத்துக்காரர். வாயைத் திறந்தால் 'ங்க' இல்லாமல் பேச மாட்டார். குரல்வளையை அறுத்தாலும் 'வலிக்குதுங்களா' என்று விசாரித்துவிட்டுத்தான் அறுப்பார். டிவியில் வந்த ஆளை மே மாதம் முழுக்க நோட்டீஸ் கட்டோடு ஊர் ஊராக அனுப்பி, பிளஸ் டூ முடித்த பிள்ளைகளைக் கல்லூரிக்குச் சேர்த்துவிடச் சொன்னார். அகரம், தாடிக்கொம்பு என்று வெயிலில் அலைந்து, வருஷத்துக்கு இருபத்தைந்து பேரைப் பிடித்துக்கொண்டு வந்தால்தான் கோச் வேலை நிலைக்கும். லீக்கில் ஆள் பிடித்தவருக்கு இங்கேயும் அதே வேலை என்று நான் கேலி செய்தால் சிரிப்பார். ஆறு வருஷத்தில் எதற்கும் எதிர்த்துப் பேசாத ஆளாக மாறிவிட்டார். எனக்கு அது நிம்மதியாக இருந்தது. அந்த வெட்கக்கேட்டையும் சொல்லித்தானே ஆக வேண்டும்.

அப்படி ஒரு மே மாதத்தில் அகரத்தில் பிடித்துக்கொண்டு வந்த பிள்ளைதான் ஜீவிதா. அம்மா முத்துப்பேச்சி மல்லிகைத் தோட்டத்தில் பூப்பறிக்கிறவர். அப்பா உடையப்பனுக்குப் பெண்பிள்ளை அரைக்கால் டவுசர் போட்டு ஆடுவதில் சுத்தமாக விருப்பமில்லை. படிப்பு இலவசம், சாப்பாடு இலவசம், டிகிரி முடித்தால் போலீஸ் கோட்டாவில் வேலைக்குப் போகலாம் என்று என் வீட்டுக்காரர் நாலு தடவை நடையாய் நடந்து சம்மதம் வாங்கினார். ஜீவிதாவும் இடது கார்னர். இரண்டே வருஷத்தில் மாவட்டத்தில் அவளிடம் கால் மாட்டினால் கதை முடிந்தது என்று ஆகிவிட்டது. பயிற்சியில் நடுவரே இல்லாதபோதுகூட, பட்டால் கையைத் தூக்கிவிட்டு வெளியே போய் உட்கார்ந்துவிடுவாள். "அப்படியே நம்ம வீட்டுக் கிறுக்கு" என்று அவரிடம் சொல்வேன்.

போன பிப்ரவரியில் ஒரு புதன்கிழமை பயிற்சியில் அவளுக்கு இடது முட்டி திரும்பிக்கொண்டது. மறுநாள் காலையில் ஸ்கேன் எடுக்க என் வீட்டுக்காரரே கூட்டிக்கொண்டு வந்தார். நான் வேலை பார்ப்பது பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில். கவுண்டரில் உட்கார்வேன், டாக்டர் சொல்லச் சொல்ல ரிப்போர்ட்டை டைப் அடிப்பேன். ஜீவிதாவின் ரிப்போர்ட்டையும் நான்தான் அடித்தேன். முட்டிக்குள் முன்பக்கத்து லிகமென்ட் பாதி கிழிந்திருக்கிறது, ஆறு வாரம் ஓடக்கூடாது, குதிக்கக்கூடாது என்று டாக்டர் சொன்னார். பிள்ளை வகுப்புக்குப் போய்விட்டிருந்தாள். ரிப்போர்ட்டைக் கவரில் போட்டு என் வீட்டுக்காரர் கையில் கொடுத்து, விஷயத்தையும் வாயால் சொல்லியே அனுப்பினேன்.

சனிக்கிழமை கல்லூரி மைதானத்திலேயே கல்லூரிகளுக்கு இடையிலான கபடி ஃபைனல். சென்னையிலிருந்து பெரிய அதிகாரி ஒருவர் பரிசு கொடுக்க வருகிறார். வடமதுரையிலிருந்து திண்டுக்கல் வரைக்கும் ரோட்டோரம் ஜீவிதா படம் போட்ட பிளக்ஸ். வியாழக்கிழமை சாயங்காலம் வீட்டில் நான் தோசை வார்க்க, இவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கரஸ்பாண்டென்ட் போன் செய்தார். எச்சில் கையாக இருந்ததால் இவர் ஸ்பீக்கரில் போட்டார். ரிப்போர்ட் தன் மேஜைக்கு வந்துவிட்டதாகவும், அது அங்கேயே இருக்கட்டும் என்றும் சொன்னவர், கடைசியில், "நல்லா கட்டுப் போட்டு இறக்குங்க கோச். பத்து நிமிஷம் நின்னாப் போதுமுங்க" என்றார். இவர் 'சரிங்க சார்' என்றார். சொல்லிவிட்டுத் தோசையைப் பிய்த்தார். நானும் தோசையைத் திருப்பிப் போட்டேன், வேறென்ன கிழித்தேன்.

மறுநாள் ஜீவிதா அவரிடம் வந்து ஆடலாமா சார் என்று கேட்டிருக்கிறாள். ஆடலாம் என்று சொல்லியிருக்கிறார். சுளுக்குத்தான், வழித்துவிட்டு இறுக்கிக் கட்டினால் சரியாகிவிடும் என்று சொல்லி, அவரே கட்டும் போட்டுவிட்டார். எங்கள் பக்கத்தில் முட்டி திரும்பினால் எல்லோரும் செய்வதுதான் இது. வழித்துவிட்டு, துணியைச் சுற்றி, ஆடப் போய்விடுவார்கள். அதனால் பிள்ளைக்குச் சந்தேகமே வரவில்லை.

இரண்டாவது பாதியில் மூன்றாவது நிமிஷம், வந்தவளின் தொடையை ஜீவிதா கட்டிப் பிடித்தாள். முட்டியிலிருந்து வந்த சத்தம் முதல் வரிசை வரைக்கும் கேட்டதாம். பிடியை மட்டும் விடவில்லை அந்தப் பைத்தியக்காரப் பிள்ளை. அந்த ஒரு பாயிண்ட் வித்தியாசத்தில்தான் கடைசியில் ஜெயித்தார்கள். அவள் பெஞ்சில் ஐஸ்கட்டியை முட்டியில் வைத்துக்கொண்டு உதட்டைக் கடித்துப் படுத்திருக்க, பத்தடி தள்ளி நின்று கரஸ்பாண்டென்ட் கோப்பையோடு போட்டோ எடுத்துக்கொண்டார். அந்தப் போட்டோ பேப்பரிலும் வந்தது. அதைப் பார்த்தபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இந்த முறை லிகமென்ட் முழுசாக அறுந்துவிட்டது. மதுரையில் ஆபரேஷன் செய்தால்தான் நடையே சரியாகும் என்றார்கள். கல்லூரிப் போட்டியில் அடிபட்டால் மாணவர் இன்சூரன்ஸ் ஆபரேஷனைப் பார்த்துக்கொள்ளும். ஆனால் போட்டியில்தான் அடிபட்டது என்று கல்லூரி எழுதிக் கொடுக்க வேண்டும். கல்லூரி என்ன செய்தது தெரியுமா? பிள்ளை ஊர்த் திருவிழா ஆட்டத்தில் வாங்கிய பழைய காயத்தை மறைத்து ஆடினாள், அதனால் எங்களுக்குப் பொறுப்பில்லை என்றது. ஆட முடியாதவளுக்கு விளையாட்டு சீட்டும் இல்லை என்றது. ஆபரேஷனும் போய்ப் படிப்பும் போனால் அந்தப் பிள்ளை நொண்டிக் காலோடு பூக்கூடைக்குத் திரும்ப வேண்டியதுதான். 'நொண்டிய எவன் கட்டுவான்' என்று உடையப்பன் அதற்குள் புலம்ப ஆரம்பித்துவிட்டாராம். பெற்ற வாயில் வருகிற பேச்சா அது?

செவ்வாய்க்கிழமை கல்லூரியில் விசாரணை வைத்தார்கள். முந்தின நாள் முத்துப்பேச்சி என் கவுண்டருக்கு முன்னால் வந்து நின்றார். நான் கோச் வீட்டுக்காரி என்பது அவருக்குத் தெரியும். அதனாலேயே நம்பி வந்திருந்தார். ரிப்போர்ட்டைக் கல்லூரியில் வாங்கி வைத்துக்கொண்டார்களாம், கேட்டால் அப்படி ஒன்று இல்லை என்கிறார்களாம். இன்னொரு காப்பி வேண்டும் என்றார்.

எழுதிக் கொடுத்தால் காப்பி கொடுக்க வேண்டியது எங்கள் கடமை. ஒரு பட்டனைத் தட்டினால் தாள் வந்துவிடும். ஆனால் அந்தத் தாளில் தேதி இருக்கிறது. போட்டிக்கு இரண்டு நாள் முந்தைய தேதி. கூட்டிக்கொண்டு வந்தவர் பெயர் என்று ஒரு வரியும் இருக்கிறது. அதில் என் புருஷன் பெயர். அந்தத் தாள் வெளியே வந்தால் பிள்ளைக்கு ஆபரேஷன் நடக்கும், என் வீட்டில் அடுப்பு அணையும்.

பிரிண்டர் ரிப்பேர், நாளைக்கு வாங்கக்கா என்று சொன்னேன். கொஞ்சமும் கூசாமல் சொன்னேன்.

அவர் முகம் சுளிக்கவில்லை. "சரி தாயி. நாளைக்கு அங்கன பேப்பரெல்லாம் காட்டுவாக. எனக்கு எழுத்து தெரியாது. செத்த நேரம் கூட வந்து படிச்சுச் சொல்றீகளா?" என்று கேட்டார். வருகிறேன் என்றேன். அவர் போன பிறகு எனக்குப் பின்னால் பிரிண்டர் யாருக்கோ வயிற்று ஸ்கேன் ரிப்போர்ட்டைத் துப்பிக்கொண்டிருந்தது.

சாயங்காலம் என் வீட்டுக்காரர் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேஜையில் வைத்தார். வீராங்கனை தன் பழைய காயத்தைப் பயிற்சியாளரிடம் மறைத்துப் போட்டியில் கலந்துகொண்டார் என்று டைப் அடித்திருந்தது. கீழே அவர் கையெழுத்துக்கு இடம். எனக்கு என் பொய்யின் எரிச்சல் வேறு. அதையும் சேர்த்து அவர் தலையில் கொட்டினேன். ஒரு கட்டைவிரல் பட்டதற்கு ஊரே பார்க்கக் கையைத் தூக்கிய ஆள், ஒரு பிள்ளையின் காலை முறித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கிறாரே என்று கேட்டேன். "கோட்டுக்குள்ள மட்டுந்தான் உங்க நேர்மையா?" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். கோபமே இல்லை அந்தப் பார்வையில். "நீதான சத்யா சொன்ன, யாருமே பாக்கலைன்னு. கையைக் கீழ வச்சுப் பழகிட்டேன்" என்றார்.

ஏழு வருஷமாக வராத பதில் அன்றைக்கு வந்தது. நான் கரண்டியைப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டேன்.

மறுநாள் ஒன்பது மணிக்கு சென்டருக்குப் போய் காப்பியை எடுத்தேன். நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தேன். கொடுப்பேனா என்று எனக்கே தெரியாது.

கரஸ்பாண்டென்ட் அறையில் மேஜைமேல் கோப்பை இருந்தது, பூவெல்லாம் போட்டு. ஒரு பக்கம் அவர், பிரின்சிபால், என் வீட்டுக்காரர். எதிர்ப்பக்கம் வாக்கரைப் பிடித்துக்கொண்டு ஜீவிதா, அவள் அம்மா, பக்கத்தில் நான். யாரும் அந்தப் பிள்ளையை உட்காரச் சொல்லவில்லை. நான்தான் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டேன். கரஸ்பாண்டென்ட் தாளைப் படித்தார். பிள்ளைமேல் கல்லூரிக்கு வருத்தம் ஒன்றும் இல்லை என்றும், சின்ன வயதில் ஆர்வக்கோளாறு வருவது சகஜம்தான் என்றும் தேனாய்ப் பேசினார். அப்புறம் பேனாவை நீட்டி, "போட்டுடுங்க கோச், பேச்சு முடிஞ்சுதுங்க" என்றார்.

என் வீட்டுக்காரர் பேனாவை வாங்கினார். வாங்கி அப்படியே வைத்திருந்தார். மூடியைக்கூடக் கழற்றவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. ஜீவிதாவுக்கும் தெரிந்தது. அவள் வாக்கரிலிருந்து ஒரு கையை எடுத்து, நேராக மேலே தூக்கினாள்.

"நாந்தான் சார் மறைச்சேன்" என்றாள்.

முத்துப்பேச்சி என்னடி சொல்கிறாய் என்று அவள் முழங்கையைப் பிடித்து இழுத்தார். கை இறங்கவில்லை. அவள் பொய் சொல்கிறாள் என்று அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். ஏன் சொன்னாள் என்பது எனக்கும் அவருக்கும் மட்டும்தான் தெரியும். ஏழு பேரில் ஒரு ஆள் வெளியே போனால் மிச்ச ஆறு பேரும் நின்று ஆடலாம். எப்படியும் தன் கால் போய்விட்டது, சாராவது மிஞ்சட்டும் என்று நினைத்திருக்கிறாள். பத்தொன்பது வயதுப் பிள்ளை. அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது இந்த மனுஷன்தான். தன்மேல் படாததற்குக் கையைத் தூக்கச் சொல்லி எந்த ஆட்டத்திலாவது விதி இருக்கிறதா? எனக்கு அவள் கன்னத்தில் ஒன்று வைக்க வேண்டும் போலவும், கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது.

கரஸ்பாண்டென்ட்டின் முகத்தில் வெளிச்சம் வந்தது. பாருங்க, பிள்ளையே ஒத்துக்கிச்சு என்றார்.

நான் கைப்பையின் ஜிப்பில் கையை வைத்தேன். சத்தியமாக வைத்தேன். ஆனால் இழுக்கவில்லை. அதற்குள் என் வீட்டுக்காரர் எழுந்துவிட்டார்.

"கையை இறக்கு ஜீவிதா. உம் மேல படல" என்றார். பழைய அடிகளின் தழும்பு ஏறிய தன் வலது கையைத் தூக்கினார். தூக்கியபடியே சொன்னார். "எம் மேலதான் பட்டுச்சு. ரிப்போர்ட்டு வியாழக்கிழமையே எங் கைக்கு வந்துருச்சு. ஆடலாமான்னு இந்தப் பிள்ளை என்னையத்தான் கேட்டுச்சு. ஆடலாம்னு சொன்னது நான்."

"யாரும் உங்களைக் கேக்கலீங்களே கோச்" என்றார் கரஸ்பாண்டென்ட். அதே 'ங்க', அதே குரல். உட்காருங்க என்று நாற்காலியைக் காட்டினார்.

என் வீட்டுக்காரர் உட்காரவில்லை. தாளைத் திருப்பிப் போட்டு, சொன்னதையெல்லாம் பின்பக்கத்தில் எழுதி, தேதியோடு கையெழுத்துப் போட்டார். அதைக் கரஸ்பாண்டென்ட்டிடம் கொடுக்கவில்லை. முத்துப்பேச்சி கையில் கொடுத்தார். கொடுத்துவிட்டு, யாரும் போகச் சொல்வதற்கு முன்னாலேயே கதவைத் திறந்துகொண்டு வெளியே நடந்தார்.

அப்போதும் எனக்கு அவர்மேல் ஆத்திரம்தான். பிள்ளையை ஆட்டத்தில் இறக்கச் சொன்னது யார் என்று எழுதவே இல்லை அந்த மனுஷன். தன்மேல் பட்டதை மட்டும்தான் சொல்வாராம். எனக்கு அந்தக் கட்டுப்பாடெல்லாம் கிடையாது. காப்பியை எடுத்துக் கோப்பைக்குப் பக்கத்தில் விரித்து வைத்தேன். தேதியில் விரலை வைத்துப் படித்தேன். கட்டுப் போட்டு இறக்குங்க, பத்து நிமிஷம் நின்னாப் போதும் என்று போனில் சொன்னதைத் தோசைக்கல் முன்னால் நின்று என் காதால் கேட்டேன் என்றேன். நீங்க யாருங்க என்று கேட்டார் கரஸ்பாண்டென்ட்.

"ரிப்போர்ட்ட டைப் அடிச்சவ. கோச் பொண்டாட்டி. எந்த ஸ்டேஷன்ல வேணும்னாலும் வந்து சொல்லுவேன்" என்றேன்.

அதற்குப் பிறகு அவர் 'ங்க' போடவில்லை. அன்றைக்கு மதியமே இன்சூரன்ஸ் பாரத்தில் கல்லூரி முத்திரை விழுந்தது. அடுத்த மாதம் மதுரையில் ஆபரேஷன் நடந்தது. படிப்பு முடியும்வரை ஜீவிதாவின் சீட்டுக்குக் குறையில்லை என்று எழுதியும் வாங்கிக்கொண்டோம். திரும்ப ஆட முடியுமா என்று டாக்டர் இன்னும் சொல்லவில்லை. என் வீட்டுக்காரருக்கு அந்த வாரமே வேலை போனது. கரஸ்பாண்டென்ட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. கோப்பை இன்னும் அந்த மேஜையில்தான் இருக்கிறது. இதையெல்லாம் நினைத்தால் இப்போதும் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

ஆனால் என்னைத் தூங்கவிடாதது அது மட்டும் இல்லை. அன்றைக்கு வராந்தாவில் ஜீவிதா வாக்கரை ஊன்றி முன்னால் போய்க்கொண்டிருந்தாள். படிக்கட்டில் என் வீட்டுக்காரர் தனியாக உட்கார்ந்திருந்தார், அவுட்டானவர்கள் கோட்டுக்கு வெளியே உட்காருகிற மாதிரி. முத்துப்பேச்சி என்னிடமிருந்து காப்பியை வாங்கி, படிக்கத் தெரியாத தாளை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். நாலாக மடித்திருந்த மடிப்பை விரலால் நீவினார். அப்புறம் என் முகத்தைப் பார்க்காமலே கேட்டார்.

"மிசினு சரியாயிருச்சா தாயி?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவரும் விட்டுவிட்டிருப்பார். அந்த வராந்தாவில் எங்களை யாருமே பார்க்கவில்லை.

"கெட்டே போகலக்கா" என்றேன்.

அவர் தாளை முந்தானையில் முடிந்துகொண்டு மகளுக்குப் பின்னால் நடந்தார். நான் போய்ப் படிக்கட்டில் என் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.